பூமிக்குள் ஒரு பிள்ளை

சாயர்புரம்,
11 ஆகஸ்ட் 2024

பிரைட்டன் அப்பாவுக்கு,

ஜெபசுதா எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் சுகத்தைக் கர்த்தர்தான் காக்க வேண்டும். நீங்களாகக் காத்துக்கொள்கிறவர் இல்லை என்பது கட்டிக்கொண்ட நாளில் இருந்தே எனக்குத் தெரியும்.

தூத்துக்குடிக்கும் சாயர்புரத்துக்கும் இடையில் ஒரு டவுன் பஸ் தூரம், இதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் இனிப் பேச முடியாது. ஜூன் மாதம் நான் உங்களிடம் அழுததைப் பதிவு செய்து, ‘ஒரு தாயின் கதறல்’ என்று பேர் வைத்து உங்கள் சேனலில் ஏற்றினீர்கள். இந்துமதி டீச்சர் அது யாரென்று தெரியாமல், “பாவம் டீச்சர், இந்த அம்மா அழுறதைக் கேளுங்களேன்” என்று ஸ்டாஃப் ரூமில் என் காதிலேயே வைத்தாள். என் அழுகையை நானே கேட்டேன். அன்றைக்குத்தான் உங்கள் நம்பரைத் தடுத்தேன். சனிக்கிழமை தோறும் பள்ளிக்கூடம் விட்டு மில்லர்புரம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள் நின்றதும் அதனால்தான். வேறு காரணம் தேட வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளை பிரைட்டன் கப்பலில் இருந்து விழுந்து, வருகிற ஜனவரி 19 வந்தால் ஒரு வருஷம். காணவில்லை, தேடினோம், நிறுத்திவிட்டோம் என்று கம்பெனி சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். அதற்கு மேல் நமக்கு ஒன்றும் இல்லை, ஒரு பிடி மண்கூட. இங்கே சர்ச்சில் சேகர குருவிடம் பேசினேன். உடல் இல்லாவிட்டாலும் நினைவு ஆராதனை நடத்தலாம், இங்கே கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெயர்க்கல் வைக்கலாம் என்றார். அப்பாவும் வந்து நின்றால் நல்லது என்றும் சொன்னார்.

நீங்கள் வர வேண்டும். அந்தச் சேனலையும் நிறுத்த வேண்டும். பூமிக்குள் பொந்து இருக்கிறது, உலகம் இருக்கிறது என்று நீங்கள் பேசுவது உங்கள் இஷ்டம். அதில் என் பிள்ளையின் போட்டோ வேண்டாம்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள். பின்னால் இல்லை.

ஜெபசுதா


மில்லர்புரம், தூத்துக்குடி,
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சுதாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம்! நிச்சயம் பண்ணின பிறகு நாசரேத்தில் உங்கள் வீட்டில் இருந்து எழுதுவாயே, அதே குண்டு எழுத்து. சந்தோஷமாகப் பிரித்தேன். உள்ளே திட்டுதான் இருந்தது. இருக்கட்டும், திட்டவும் ஆள் இல்லாமல்தான் இந்த வீடு கிடக்கிறது. சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். தினமும் குழைகிறது.

போன் விஷயத்தில் உனக்கு வருத்தம் இருக்கும். ஆனால் அதைக் கேட்டு எத்தனை தாய்மார் என்னிடம் பேசினார்கள் தெரியுமா? ராமேஸ்வரம், குளச்சல், நாகப்பட்டினம்... கடலில் பிள்ளையைத் தொலைத்தவர்கள். யாரும் அவர்களோடு பேசுவதில்லை சுதா. நான் பேசுகிறேன்.

நீ பிசிக்ஸ் டீச்சர், சிரிப்பாய். இதை முதலில் சொன்னது நானா? வால்நட்சத்திரத்துக்குப் பேர் வைத்திருக்கிறார்களே, அந்த ஹாலி, காம்பஸ் முள் வருஷத்துக்கு வருஷம் விலகுவதைப் பார்த்துவிட்டு, இந்தப் பூமிக்குள் இன்னொரு கூடு, அதற்குள் இன்னொன்று இருக்க வேண்டும் என்று எழுதினார். அவர் முட்டாளா? அதற்குப் பிறகு ஒரு அமெரிக்கக் கேப்டன், வட துருவத்திலும் தென் துருவத்திலும் பெரிய வாசல் உண்டு, கப்பலோடு உள்ளே போகலாம் என்றார். நம் நாட்டில் பாதாள லோகம் என்றார்கள். நம் வேதாகமத்திலும் பூமிக்குக் கீழே இருக்கிறவர்களைப் பற்றி வருகிறது. எல்லோரும் சேர்ந்தா பொய் சொன்னார்கள்?

நம் பிள்ளை விழுந்த இடம் எது? நார்வேக்கு வடக்கே. சூரியனே எழும்பாத மாதம். அந்த வாசலுக்குப் போகிற நீரோட்டத்தின் மேல். உடல் கிடைத்ததா? கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று நீ ஒரு நாளாவது யோசித்தாயா?

முத்துக் குளித்த ஊர் இது. சிப்பியை மேலே தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று இந்த ஊர்க்காரன் எவனாவது சொல்வானா?

உயிரோடு இருக்கிறவனுக்குக் கல் வெட்டக்கூடாது சுதா. நான் வர மாட்டேன். நீயும் வெட்டாதே.

மாத்திரை முன்னால்தான் போடுகிறேன்.

உன்
தேவபிரசாதம்


சாயர்புரம்,
22 செப்டம்பர் 2024

பிரைட்டன் அப்பாவுக்கு,

காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை. அதனால்தான் தாமதம்.

ஹாலி முட்டாள் இல்லை. அவர் காலத்தில் பூமியை எடை போட வழி இல்லை. பின்னால் போட்டார்கள். மேலே கிடக்கிற பாறை தண்ணீரைவிட மூன்று மடங்குகூடக் கனம் இல்லை. மொத்தப் பூமியையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தரை மடங்கு. அப்படியென்றால் உள்ளே இருப்பது மேலே இருப்பதைவிடக் கனமானது. பொந்து கனக்காது. நிலநடுக்கம் வந்தால் அதன் அலை பூமிக்குள் போய் மறுபக்கம் வருகிறது. எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே உருகிய இரும்பு, அதற்கும் உள்ளே கெட்டி இரும்பு. வீடு இல்லை, வாசல் இல்லை, சூரியன் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு கூட்டுக்கு உள்ளே நிற்கிறவனைக் கூடு எந்தப் பக்கமும் இழுக்காது. எல்லாப் பக்க இழுப்பும் சரிக்குச் சரியாகிவிடும். நீங்கள் சொல்கிற உலகத்தில் யாரும் நிற்க முடியாது, நடக்க முடியாது, மிதந்துகொண்டுதான் இருக்க வேண்டும். நம் பிள்ளையை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்களே, அவன் எப்படி நடப்பான்?

டயானா என்று ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். திரேஸ்புரம். அவள் புருஷன் போன வருஷம், நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்கல் மீன்பிடிக்குப் போய், படகோடு போனவர். கூடப் போனவர்கள் உடல் கரை ஒதுங்கியது, அவருடையது இல்லை. என் விலாசத்தை யாரிடமோ விசாரித்து, ஒரு பை நிறைய ஊளி மீனோடு வந்து நின்றாள்.

“அக்கா, சார் சொல்லுதாரு, கடல்ல போனவங்க உள்ள ஒரு ஒலகத்துல இருக்காங்கன்னு. எங்க வீட்டுக்காரரும் இருப்பாருல்லா? நீங்க டீச்சரு, உங்களுக்குத் தெரியும்லா?”

மீனவர் சங்கத்தில் அவளுக்கு வலைக் கம்பெனியில் ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறார்களாம். இறந்தவர் மனைவி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். “உயிரோட இருக்கவரை நான் எப்படிக்கா கொல்லுவேன்?” என்கிறாள். அது உங்கள் வார்த்தை என்று எனக்குத் தெரிந்தது. குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டுக் கருவாடு காயப்போடக் கூலிக்குப் போகிறாள்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முன்னால் நின்று வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? போன வாரம் மழை பெய்துகொண்டிருந்தது. கேட் திறக்கிற சத்தம். “வந்துட்டியால?” என்று கேட்டுக்கொண்டே நனைந்து ஓடினேன். பால்காரர். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பாத்திரத்தை எடுக்க மறந்தவள் மாதிரி உள்ளே போனேன். இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

நமக்கு ஆகாத ஆசையை நாம் வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டாம். அவளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஜனவரிக்கு நீங்கள் வருவீர்கள் என்றே நினைத்திருக்கிறேன்.

ஜெபசுதா


மில்லர்புரம்,
20 அக்டோபர் 2024

அன்புள்ள சுதா,

உடனே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல் ஒன்றின் பேப்பர் வேலை இழுத்துவிட்டது. இப்போதெல்லாம் அந்த வேலையில் மனசு நிற்பதில்லை. கோவில்பட்டியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போய்ப் பேசிவிட்டு வந்தேன். கல்யாண மண்டபம், உட்கார இடமில்லை. நின்றுகொண்டு கேட்டார்கள். கிளியரிங் ஏஜென்ட் தேவபிரசாதத்தை யார் சுதா நின்றுகொண்டு கேட்டிருக்கிறார்கள்?

உன் கடிதம் அருமை. நீ என்னைத் தோற்கடிக்க எழுதினாய், ஆனால் நீயே வழி திறந்துவிட்டாய். உள்ளே மிதப்பார்கள் என்று எழுதினாயே! மிதந்தால் என்ன? மூழ்கவில்லையே! அதைத்தான் மண்டபத்தில் சொன்னேன். கைதட்டல் அடங்கவே நேரமானது.

நீ கோபப்படக் கூடாது. அந்தக் கேட் சத்தம், ‘வந்துட்டியால’ என்று நீ ஓடியது, அந்த நாலு வரியை மட்டும் வாசித்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஒரு விஞ்ஞான ஆசிரியை என்றுதான் சொன்னேன். பெற்றவளுக்குத் தெரியும், படிப்பு மறைத்தாலும் வயிற்றுக்குத் தெரியும் என்று சொன்னேன். சேனலில் ஏற்றியிருக்கிறோம். நீயே பார், கீழே எத்தனை பேர் உனக்காக ஜெபிக்கிறேன் என்று எழுதியிருக்கிறார்கள்.

டயானா நல்ல பெண். கோவில்பட்டிக்கும் வந்திருந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நம்பிக்கையில் இருக்கிறவளை நீ கலைக்காதே.

தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வாயேன். பேக்கரியில் மக்ரூன் வாங்கி வைக்கிறேன்.

உன்
தேவபிரசாதம்


சாயர்புரம்,
24 நவம்பர் 2024

பிரைட்டன் அப்பாவுக்கு,

தீபாவளிக்கு ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் நான் எழுதியும் பிரயோஜனம் இல்லை. அந்த வீடியோவை முழுக்கப் பார்த்தேன். பால்காரர் வந்த வரியை வெட்டிவிட்டீர்கள். அவர் இல்லாவிட்டால் கேட்டைத் திறந்தது என் பிள்ளை ஆகிவிடுகிறான். அவ்வளவு சுலபம்.

இதை அதற்காக எழுதவில்லை.

மெல்வின் வந்தான். பிரைட்டனோடு அதே கப்பலில் இருந்த பையன், முத்தையாபுரம். உங்களுக்கு அவனைத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. இன்னொரு கப்பலில் போய்விட்டு இந்த மாதம்தான் இறங்கியிருக்கிறான். வந்ததும் உங்கள் வீடியோவைப் பார்த்திருக்கிறான். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கதவுப் பக்கம் நின்றுகொண்டே சொன்னான்.

“துறைமுகத்துக்குள்ள வழி காட்ட வர்ற பைலட் ஏறதுக்கு ஏணி கட்டிட்டு இருந்தோம்மா. ஏணி முழுக்க ஐஸு. நான் இந்தப் பக்கம் கயித்தைப் புடிச்சிருக்கேன், அவன் அந்தப் பக்கம். திரும்பிப் பாக்கேன், ஆளு இல்ல. கப்பலைத் திருப்பி, போட்டை இறக்கி, தேடிப் போனோம். கெடச்சான்மா. நான்தான் காலரைப் புடிச்சேன். முகத்தைப் பாத்தேன். உயிரு இல்ல. அந்தத் தண்ணியில கொஞ்ச நேரந்தான்மா. ஏத்தப் போறப்ப அலை ஒண்ணு போட்டைத் தூக்கிப் போட்டுட்டு. கை நழுவிட்டு. அதுக்கப்புறம் பாக்க முடியல.”

பிறகு அவன் கேட்டான்: “அப்பா உங்ககிட்ட சொல்லலையாம்மா? நான் ஏப்ரல்லயே சொன்னேனே.”

துறைமுகக் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் வைத்துச் சொன்னானாம். நீங்கள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதீர்களாம். “அம்மாட்ட சொல்லிராத, அவ செத்துப்போவா” என்றீர்களாம். பிரைட்டனின் பெட்டியை உங்கள் கையில் கொடுத்தானாம்.

நான் சாகவில்லை. அவன் போன பிறகு உலை வைத்தேன். சாப்பிட்டேன்.

ஏப்ரலில் உங்களுக்குத் தெரியும். சேனல் தொடங்கியது மே மாதம். என்னிடம் மறைத்ததை நான் மன்னிப்பேனோ மாட்டேனோ, அது என் பாடு. ஆனால் நீங்கள் தெரிந்துகொண்டே டயானாவை முதல் வரிசையில் உட்கார வைத்தீர்கள். ராமேஸ்வரத்துக்காரிக்கும் குளச்சல்காரிக்கும் தெரிந்துகொண்டே பதில் சொன்னீர்கள். முட்டாள்தனம் என்று நினைத்து நான் உங்களுக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பூமியின் எடையெல்லாம் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். அவன் உடுத்தின துணி அதில் இருக்கும். எனக்கு அது வேண்டும்.

ஜெபசுதா


மில்லர்புரம்,
8 டிசம்பர் 2024

சுதா,

பெட்டியைச் சாயர்புரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். துணியெல்லாம் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். வந்தால் உடுத்த வேண்டுமே.

மெல்வின் சின்னப் பையன். அந்தக் குளிரில் கையும் மரத்திருக்கும், கண்ணும் மரத்திருக்கும். அவன் எதைப் பிடித்தானோ, யார் முகத்தைப் பார்த்தானோ. அவன் சொன்னான் என்பதற்காக நான் நம்ப வேண்டுமா? நீ நம்பிவிட்டாய். உனக்கு எப்போதும் மற்றவர்கள் சொல்வதுதான் சரி.

நீ கேட்க மாட்டாய், நானே எழுதுகிறேன். பக்கத்தில் காலேஜில் சேர்ந்து படிக்கிறேன் என்று சொன்னவனை, எனக்குத் தெரிந்த கப்பல்காரனிடம் பேசி நான்தான் ஏற்றிவிட்டேன். நீ வேண்டாம் என்றாய். அவன் போன பிறகு அதை ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் முகத்துக்கு நேரே சொன்னாயா? சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நீ பேசாமல் சோறு போட்டாய். தட்டை வைத்துவிட்டு நகர்ந்து போனாய். இந்த வீட்டில் நான் எப்படி உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று உனக்குத் தெரியாது.

அவனை ஏற்றிவிட்டது யார் என்று சேனலில் யாரும் கேட்பதில்லை.

நீ எழுதினது போல உள்ளே எல்லாம் கெட்டி இரும்பு என்றே இருக்கட்டும். பூமி கெட்டியாக இருந்தால், சுதா, நான் எங்கே போய் நிற்பது?

ஆராதனை வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

தேவபிரசாதம்


சாயர்புரம்,
26 ஜனவரி 2025

திரு. தேவபிரசாதம் அவர்களுக்கு,

பெட்டி வந்தது. ஒவ்வொரு சட்டையாக எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசனை. நான் பின்னிக் கொடுத்த கம்பளித் தொப்பியைக்கூட விட்டுவைக்கவில்லை, அதையும் துவைத்திருக்கிறீர்கள். அவன் தலை எண்ணெய் வாசனை அதில் இருந்திருக்கும். ஏப்ரலில் இருந்து உங்கள் கையில் இருந்தது.

உங்கள் டிசம்பர் கடிதத்தைப் படித்து நான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களைக் குற்றம் சொல்லக் கூடாது என்றுதான் பேசாமல் இருந்தேன். அது உங்களுக்கு அப்படிப் பட்டிருக்கிறது. உங்களிடம் நேரில் பேச வேண்டும், ஆராதனை முடிந்ததும் உங்களோடு மில்லர்புரத்துக்கே வந்துவிடலாம் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. துணி இரண்டு எடுத்து வைத்திருந்தேன்.

போன ஞாயிறு நீங்கள் வந்தீர்கள். கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே, கம்பில் போனை மாட்டிக்கொண்டு நின்றீர்கள். ஜெபத்தின் நடுவே தலையைத் தூக்கியபோது பார்த்தேன். நம்ப மாட்டீர்கள், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பிறகுதான் உங்கள் பேச்சு கேட்டது. “பாருங்க நேயர்களே, உயிரோட இருக்கிற பிள்ளைக்குக் கல்லு வைக்கிறாங்க.”

டயானாவை நான்தான் அழைத்திருந்தேன். மெல்வின் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தான். அவள் நம்பவில்லை. “சாரே சொல்லட்டும்” என்றாள். அவளாகத்தான் எழுந்து உங்களிடம் வந்தாள். மெல்வின் பின்னாலேயே போனான். நான் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன், ஆனால் எல்லாம் கேட்டது.

“சார், பிரைட்டன் தம்பி செத்ததை இவரு கண்ணால பாத்துருக்காரு. உங்ககிட்ட அப்பமே சொல்லியாச்சாமே, நெசமா?”

நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தீர்கள். லைவ் ஓடிக்கொண்டிருந்தது.

“இந்தப் பையன் யாருன்னு எனக்குத் தெரியாதும்மா.”

“அப்பா,” என்றான் மெல்வின். “டீக்கடையில என் தோள்ல சாஞ்சுகிட்டு அழுதியளே.”

“ஏலே, உன்னை நான் பாத்ததே கிடையாது. எவன் அனுப்பிச்சு வந்திருக்க?”

நம் பிள்ளையைக் கடைசியாகத் தொட்ட கை அவனுடையது. அந்தக் கையைத்தான் நீங்கள் தட்டிவிட்டுப் போனீர்கள். போகும்போதும் பேசிக்கொண்டே போனீர்கள்.

டயானா திரும்பி வந்து, நம் பிள்ளையின் கல்லுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தன் புருஷன் பெயரைச் சொல்லி அன்றைக்குத்தான் அழுதாள். வந்திருந்தவர்கள் விலகிப் போனார்கள். நானும் மெல்வினும் அவள் அழுது முடிகிற வரைக்கும் நின்றோம். இந்த வாரம் சங்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். கூட நான் போனேன். போடும்போது என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

மில்லர்புரம் வீட்டின் சாவியை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். இதையும் வாசிக்கலாம். வெட்டாமல் வாசியுங்கள். இனி உங்கள் கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன், தபால்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

கல்லில் உங்கள் பெயரும் இருக்கிறது. அதைச் செதுக்கி எடுத்துவிடச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். பிரைட்டனுக்கு ஒரு அப்பா இருந்தார். அது பொய் இல்லை.

ஜெபசுதா